பழகாத அடி எனக்குச் சொந்தமில்லை

தை மாதத்தில் குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குள் யாரும் ஒளிந்து நடக்க முடியாது. மார்கழிக் கடைசியில் பழுக்கத் தொடங்கும் இலைகள் சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. கோழி நடந்தால்கூட ஆள் வருவதுபோல் கேட்கும். என் ஆசான் எனக்கு அடிமுறை என்னும் எங்கள் ஊர்ச் சண்டைக்கலையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது அந்தச் சருகின் மேல்தான். எனக்கு முதுகைக் காட்டி ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். நான் அவருக்குப் பின்னால் சுவடு வைக்க வேண்டும். ஒரு கால் ஊன்றி நிற்க, மறுகால் முன்னே, பக்கவாட்டில், பின்னே என்று போய்வரும் ஒற்றைச்சுவடு.

"இடது குதிகால்" என்பார் திரும்பாமலே.

மறுபடியும் வைப்பேன்.

"இடது குதிகால் மக்களே."

இரண்டு மாதம் இதுதான் பாடம். நாகர்கோவிலில் நான்கு ஆண்டு கராத்தே படித்து, இடுப்பில் பழுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தவன் நான். கூரை ஓடுகளை உடைத்திருக்கிறேன். மேடையில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கிழவர் சருகு மிதிக்கச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. அது 1998. எனக்குப் பத்தொன்பது வயது. முடிவெட்டும் கடைச் சுவரில் தொங்கிய புரூஸ் லீ படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த எரிச்சல் வந்ததில் வியப்பில்லை.

இப்போது நானும் வீட்டுப் புரையிடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வர்மம் எப்போது சொல்லிக்கொடுப்பீர்கள்?" அண்மைக் காலத்தில் சினிமாவின் புண்ணியத்தில் இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. அதற்கு வாசலில் நின்றபடி சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் அடிமுறை என்றும், கேரளத்தில் தெக்கன் களரி என்றும் சொல்வது ஏறக்குறைய ஒரே மரபை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். எல்லைக்கோடு பிறகு வந்தது, சுவடு அதற்கு முன்பே இருந்தது. வெறுங்கைப் போர், பூட்டும் பிரிவும், குறுந்தடி, ஆள் உயரக் கம்பு என்று பாடம் போகும். இவற்றோடு ஒட்டிப் பிறந்தது வர்மம். அடிபட்டால் ஆளைச் சாய்க்கும் இடங்கள் உடம்பில் 108. உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டு, மற்றவை தொடுவர்மம் தொண்ணூற்றாறு. புருவ மத்தியில் திலர்தம், விலாவில் அடப்பக்காலம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் விரலளவும் உண்டு. அடிபட்டவனைத் திருப்பி எழுப்ப அடங்கல் என்னும் இடங்கள் தனி. எங்கள் ஊர்களில் ஆசான் என்றால் அடிக்கக் கற்பிப்பவர் மட்டுமல்ல, எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறவரும் அவர்தான். காலையில் சிலம்பக் கம்பு பிடித்த கைதான் மாலையில் காயத்திருமேனி எண்ணெய் தேய்க்கும்.

என் ஆசான் பிழைப்புக்கு ரப்பர் பால்வெட்டு செய்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே மரத்துக்கு மரம் நடப்பார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அதில் தோள்வலிமைக்கு வேலை குறைவு. பட்டையில் மேலே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒரே கோடு. கத்தி சீவும் பட்டை சுருண்டு விழும்போது அதன் கனம் காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பால் ஓடும் குழல்கள் மரத்தின் கட்டையை ஒட்டியே அடர்ந்திருக்கின்றன. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் கட்டை காயப்படும், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிறகு பல ஆண்டுகளுக்கு அங்கே கத்தி வைக்க முடியாது. இடையில் இருப்பது ஒரு மயிரிழை. நாள்தோறும் முந்நூறு மரத்தில் அந்த மயிரிழையைத் தேடிப் பிடிக்கிற கை அது. வெட்டும்போது அவருடைய பாதத்தைப் பார்ப்பேன். மரத்தைச் சுற்றிக் கையை நீட்டமாட்டார், காலைத்தான் நகர்த்துவார். கத்தி இருந்த இடத்திலேயே இருக்க, உடம்பு அதைச் சுற்றி வரும். ஒற்றைச்சுவடு வேறொன்றுமில்லை, அதுதான்.

வர்ம நூல்களில் அடியின் விசைக்கு மாத்திரை என்று ஓர் அளவு சொல்லுவார்கள். கால், அரை, முக்கால், முழு மாத்திரை. அது என்ன என்று நான் கேட்டபோது ஏட்டை எடுக்காமல் கத்தியை என் கையில் கொடுத்தார். நான் வெட்டிய மரம் அன்று சிரட்டையில் பாலோடு கட்டைத் தூளையும் கொடுத்தது. அந்த வடு நெடுநாள் தெரிந்தது. தோட்டத்து முதலாளியிடம் அது யார் செய்தது என்று அவர் சொல்லவில்லை.

மழையிலும் வகுப்பு உண்டு, சொல்லப்போனால் மழையில்தான் கூடுதல். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பால்வெட்டு நின்றுவிடும். மழைத்தண்ணீர் பட்டை வழியாக இறங்கிப் பாலைக் கரைத்துவிடும் என்பதால் அந்த நாட்களில் ஆசானுக்கு வேலையில்லை, எங்களுக்கு மூன்று மணி நேரப் பாடம். மழைக்காலத்தில்தான் களரிப் பயிற்சி என்பதற்குப் பெரியவர்கள் உடம்புச் சூடு, எண்ணெய் பிடிப்பு என்று பல காரணம் சொல்வார்கள். அவற்றோடு இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எங்கள் ஊர்ச் செம்மண் நனைந்தால் வெண்ணெய்தான். நான் நாகர்கோவிலில் கற்றுவந்த உயர உதையை முதல் மழையிலேயே போட்டுக்காட்டினேன். ஊன்றிய கால் வழுக்கி, முதுகு தரையில் பட்டு, ஒரு நிமிடம் மரக்கிளைகளைப் பார்த்துக் கிடந்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை. மண்தான் அடித்தது. குறுகிய சுவடு, தாழ்ந்த இடுப்பு, எடையைக் கடைசி நொடிவரை பின்காலில் வைத்திருப்பது ஆகிய எல்லாவற்றையும் தத்துவமாக விளக்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வழுக்கல் மண்.

மூன்றாம் ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னோடு படித்தவன் திருவட்டார்க்காரன், என்னைவிட உயரம். கம்புப் பாடம். ஏற்கனவே பேசிவைத்த வரிசைதான்: அவன் தலைக்கு வீச, நான் தடுத்து, விலாவுக்குக் கொண்டுபோய் ஒரு சாண் தள்ளி நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. கோபமெல்லாம் இல்லை. கை அவ்வளவு சூடாக ஓடிக்கொண்டிருந்தது, அவனும் அன்று அரைச்சுவடு முன்னே வந்துவிட்டான். கம்பு விலாவில் இறங்கிய சத்தம் ஈரச் சாக்கை அடித்ததுபோல் இருந்தது. அவன் வாய் திறந்தது, காற்று உள்ளே போகவில்லை. கண் மேலே செருகியது.

ஆசான் ஓடிவரவில்லை, வேகமாக நடந்து வந்தார். அவனை உட்காரவைத்து, தன் முழங்காலை அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். இரண்டு தோளையும் பின்னால் இழுத்துப் பிடித்து, ஓரிடத்தில் பெருவிரலை ஊன்றினார். மடியிலிருந்து சுக்கை எடுத்து மென்று அவன் காதில் ஊதினார். முதல் மூச்சு விக்கலோடு வந்தது. பிறகு அவன் அழுதான், நானும் அழுதேன். ஆசான் விலாவைத் தடவிப் பார்த்து, "அடப்பத்துக்கு இரண்டு விரல் கீழே" என்று மட்டும் சொன்னார். அன்று எங்கள் இருவருக்கும் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுத்தார். கம்பை நாற்பது நாள் தொடக்கூடாது என்று எனக்குத் தண்டனை.

அந்த நாற்பது நாளும் நான் நினைத்தது ஒன்றைத்தான். அவன் எழுந்தது அடங்கலினாலா? விலாவிலோ வயிற்றிலோ ஓங்கி அடிபட்டால் மூச்சுத்தசை சற்று நேரம் பிடித்துக்கொள்ளும், பிறகு தானாக விடும். கால்பந்து விளையாடுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அவன் ஆசான் இல்லாமலும் எழுந்திருப்பான் போலும். அல்லது எழுந்திருக்கமாட்டானோ? சோதித்துப் பார்க்க வழியில்லை. இன்னொருவனை அதே இடத்தில் அதே விசையில் அடித்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? படுவர்மத்தை முழு மாத்திரையில் அடித்துப் பழகிய ஆள் என்று எவரும் இருக்க முடியாது. இருந்தால் அவர் சிறையில் இருப்பார்.

வாசலில் நிற்கும் பெற்றோருக்கு நான் சொல்ல நினைப்பதன் சாரம் இதுதான். ஆசான் 108 இடங்களையும் எனக்குக் காட்டினார். விரலால் தொட்டுக் காட்டினார், அளந்து காட்டினார், பெயரை மனப்பாடம் செய்யவைத்தார். பன்னிரண்டு ஆண்டு கூடவைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது விதி என்று, பதின்மூன்றாம் ஆண்டில்தான் கடைசிப் பாடத்தை முடித்தார். இந்த விதியை ரகசியப் பித்து என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. அடியை உடம்பில் சோதிக்க முடியாது, ஆகவே ஆளைச் சோதிக்கிறார்கள். ஆனால் கையில் வந்த பிறகும் அது அடிக்கிற வித்தையாக எனக்குச் சேரவில்லை. எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிகிற வித்தையாகவே தங்கியிருக்கிறது. பார்வையாலேயே ஆளைச் சாய்க்கும் நோக்கு வர்மத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் பார்த்ததில்லை. ஆசானின் பார்வைக்கு நான் பலமுறை நடுங்கியிருக்கிறேன், ஆனால் அதற்குக் காரணம் நான் வகுப்புக்குத் தாமதமாகப் போனது.

இதே சிக்கலுக்கு ஜப்பானில் ஒருவர் கண்ட விடையைப் பின்னாளில் படித்தேன். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ. ஜுஜுட்சு என்னும் பழைய ஜப்பானியச் சண்டைக்கலையின் பள்ளிகள் இரண்டில் பயின்றவர். 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்த கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அவர் செய்தது எளிய காரியம்தான். ஆளை ஊனமாக்கும் அடிகளையும் குத்துகளையும் தூக்கி, பேசிவைத்துச் செய்யும் வரிசைப் பயிற்சிக்குள் வைத்தார். எறிதல், பிடித்தல் போன்ற மிச்சத்தை, எதிராளி முழு மனதோடு எதிர்க்க எதிர்க்க, முழு வலுவோடு செய்யும் பயிற்சியாக்கினார். அதன் பெயர் ராந்தோரி. ஆபத்தானதைக் கழித்ததும் ஜூடோ பலவீனமாகும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. கொல்லும் அடியைப் பாவனையாகச் செய்து பழகியவனைவிட, கொல்லாத எறிதலை நிஜமாகவே ஆயிரம் முறை செய்தவன் கை ஓங்கியது.

புரூஸ் லீயையும் விட்டுவிடக்கூடாது, சுவரில் தொங்கிய கடன் இருக்கிறது. ஹாங்காங்கில் இப் மேன் என்னும் ஆசானிடம் விங் சுன் என்னும் சீனச் சண்டைக்கலை படித்தவர் அவர். 1964-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்னும் இன்னொரு குங்ஃபூக்காரரோடு ஒரு மோதல். யார் வென்றார் என்று இரு தரப்பும் இன்றுவரை வேறு வேறு கதை சொல்கின்றன. லீ தரப்புக் கதைப்படி அவர் வென்றார், ஆனால் மூச்சு வாங்கிப்போனது, சண்டை நினைத்ததைவிட நீண்டுவிட்டது என்று தன் மேலேயே கோபப்பட்டார். அங்கிருந்து தொடங்கிய தேடலுக்கு 1967-ல் ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார், அந்தப் பெயரே இன்னொரு பாணியாக இறுகிவிடுமோ என்று பிற்பாடு சங்கடப்பட்டார். அவருடைய ரசிகர்கள் பறக்கும் உதையை எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது, வென்ற அன்றே தன் மூச்சுவாங்கலைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நேர்மை.

கானோவைப் படித்த சூட்டில் ஆசானிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். பேசிவைத்த வரிசையை விட்டுவிட்டு, கம்பு முனையில் துணி சுற்றி, தலைக்குக் கவசம் போட்டு, யார் எப்போது எங்கே அடிப்பார்கள் என்று தெரியாமல் ஆடிப் பார்ப்போமா? அப்போது அவருக்கு எழுபதை நெருங்கிய வயது. "இது களரியா, சந்தையா?" என்று கேட்டார். ஆனால் தடுக்கவில்லை. இரண்டு வாரம் ஓரமாக உட்கார்ந்து எங்கள் கூத்தைப் பார்த்தார். பதின்மூன்று ஆண்டு பழகிய வரிசைகள் எதுவும் எங்களுக்கு வரவில்லை. இரண்டு பேரும் கம்பைக் கம்பால் தட்டிக்கொண்டு கோழிச்சண்டை போட்டோம். நான் அவமானத்தில் புழுங்கினேன்.

ஒரு சாயங்காலம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "கம்பைக் கொடு." கவசம் வேண்டாம் என்றுவிட்டார். நான் தயங்கித் தயங்கி ஒரு வீச்சு வீசினேன். அவர் தடுக்கவில்லை. நடந்தார், அவ்வளவுதான். வீச்சு வரும் பக்கத்துக்கு உள்ளே, என் கைப்பிடிக்கும் நெஞ்சுக்கும் இடையில், வாசலுக்குள் நுழைவதுபோல் வந்து நின்றார். என் கம்பின் வேகமெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் வெறுமனே போய்க்கொண்டிருந்தது. அவர் கம்பு என் கழுத்தோரம் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஐந்து முறை. ஐந்து முறையும் ஒற்றைச்சுவடு. சருகு மிதித்த அதே பாடம். வேறு ஒன்றுமே அவர் செய்யவில்லை. வேகமும் இல்லை, எனக்கு முன்பே கிளம்பியதும் இல்லை. வீச்சு தொடங்கிய பிறகு, திரும்ப முடியாத இடத்துக்கு அது வந்த பிறகுதான் கால் எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் தெரிந்த வித்தைகளையெல்லாம் கழிக்கத் தொடங்கினேன். மூன்று கேள்வி. இதை முழு வலுவோடு செய்து பார்த்திருக்கிறேனா? எதிர்க்கிற ஆளிடம் செய்து பார்த்திருக்கிறேனா? செய்த மறுநாளும் அவன் பயிற்சிக்கு வந்தானா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது என்னுடையது. இல்லையென்றால் அது எனக்குத் தெரிந்த ஒன்று, அவ்வளவுதான். உயர உதை போயிற்று. விரல் நுனியால் குத்தும் பதினெட்டு வகை போயிற்று. கம்பை உடம்பைச் சுற்றிச் சுழற்றுவது திருவிழாவுக்கு என்று தனியே வைத்துவிட்டேன், கண்ணுக்கு அழகான விஷயம், அதை ஏன் வெறுக்க வேண்டும்? மிஞ்சியது மிகக் குறைவு. நான்கு சுவடு, உள்ளே நுழைதல், முழங்கையைத் தள்ளுதல், இரண்டு பூட்டு, விழுதல். என் உயரம் ஐந்தடி நான்கங்குலம். எட்டி அடிக்கிற ஆட்டம் எனக்கு நஷ்டம். ஆகவே பின்வாங்குவதைவிட உள்ளே போவது எனக்குப் பாதுகாப்பு. என் திருவட்டார் நண்பனின் பட்டியல் முற்றிலும் வேறு. இரண்டு பேருக்கும் ஆசான் ஒருவர்தான்.

இதற்கு ஒரே ஒருமுறை நிஜமான தேர்வு வந்தது. நான் ரப்பர் ஷீட்டும், பட்டையில் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடையில் எடைபோடுகிறவன். ஒட்டுப்பாலில் ஈரமும் பட்டைத்தூளும் கலந்திருக்கும், அதற்காக எடையில் கழிப்பது வழக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குடித்துவிட்டு வந்த ஒருவருக்கு அந்தக் கழிவு பொறுக்கவில்லை. பேச்சு தடித்தது. மேசையில் இருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து என் முகத்துக்கு நேரே வீசினார். எறியவில்லை, கையில் பிடித்தபடியே வீசினார். என் வலதுகால் நனைந்த சிமெண்ட் தரையில் வழுக்காமல் ஓர் அடி உள்ளே போனது. கல் என் காதுக்குப் பின்னால் காற்றை இழுத்துக்கொண்டு போனது. என் உள்ளங்கை அவர் முழங்கையில் இருந்தது. அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே கொஞ்சம் தள்ளினேன். அவர் சுழன்று, அடுக்கிவைத்த ஷீட் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கல் அவர் மடியில் இருந்தது. இருவருமே அதை வியப்போடு பார்த்தோம்.

அந்த நொடியில் அவருடைய கழுத்தும் விலாவும் எனக்கு முழுதாகத் திறந்திருந்தன. அங்கே உள்ள வர்மங்களின் பெயரை இப்போது வரிசையாகச் சொல்லுவேன். அப்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கைக்கு வந்தது, சருகிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கான முறை செய்தது மட்டும்.

ஆசானிடம் போய்ச் சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. "பின்கால் எங்கே இருந்தது?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். "அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தாயா?" இல்லை என்றேன். "கையில் வலி இருக்கும். நாளைக்கு வரச் சொல், எண்ணெய் போட்டு விடுகிறேன்." அவர் வந்தார், எண்ணெயும் போட்டுக்கொண்டார், அதன் பிறகு என் தராசில் குறை சொன்னதில்லை. கழிவில் இன்னும் கால் கிலோ குறைக்கச் சொல்லிக் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

புலியூர்க்குறிச்சிக்குப் போகும்போதெல்லாம் உதயகிரிக் கோட்டைக்குள் எட்டிப் பார்ப்பேன். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பிறகு அதே அரசருக்குப் படைத்தலைவராகி, துப்பாக்கியும் ஐரோப்பிய அணிவகுப்பும் சொல்லிக்கொடுத்து, 1777-ல் இறந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். வாளும் கம்பும் போரில் தீர்ப்புச் சொல்லும் காலம் எங்கள் மண்ணில் முடியத் தொடங்கி இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகும் பால்வெட்டுகிறவர்களும் பனையேறிகளும் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்ததற்கு எண்ணெய்க் குப்பிக்கும் எலும்புக் கட்டுக்கும்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். சண்டை அந்தக் குப்பியின் நிழலில் பிழைத்துக்கொண்டது.

ஆசான் 2016-ல் போய்விட்டார். வர்மங்களை எழுதிய நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் கையெழுத்து. ஓரங்களில் எண்ணெய்க் கறை.

இந்தத் தையில் என் மகளும் சருகில் இறங்கியிருக்கிறாள். பன்னிரண்டு வயது. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக் குற்றியில் உட்கார்ந்திருக்கிறேன். வெற்றிலைப் பழக்கம் எனக்கு இல்லை, கட்டன் சாயா. அவள் வலது காலின் சத்தம் இப்போது கேட்பதே இல்லை. இடது குதிகால் இன்னும் நொறுங்குகிறது. கோடைமழை ஒன்று பெய்துவிட்டால் சருகு நனைந்து சத்தம் போய்விடும், அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.